அதே நம்பர்தான்

கண்ணாடியைக் கழற்ற வைக்கிற லேசர் பேச்சை மறுபடியும் வீட்டுக்குள் கொண்டு வந்தது மச்சினன்தான். கொண்டு வந்தவன் சும்மா வரவில்லை. கூடத்து நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரின் அடியில் எறும்பு எறும்பாக அச்சடித்திருந்த அச்சகத்தின் விலாசத்தை முழுக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வாயையே திறந்தான்.

“பாத்தீங்களா மச்சான்? கண்ணாடி இல்லாம. இங்கேருந்து.”

கண்ணாடிக் கடைக்காரர் நிமிரவில்லை. மடியில் இருந்த சட்டத்தின் திருகாணியை முறுக்கிக்கொண்டே, “பாத்தேன் மாப்ள. வர்ற வழியில ஒரு போர்டு விட்டிருக்க மாட்டியே” என்றார்.

“எங்க விட்டேன்? உங்க கடை போர்டையும் படிச்சேன். அதுல ஒரு லைட்டு எரியல.”

அடுப்படியில் இருந்த அக்காக்காரி, கடைக்காரரின் மனைவி, சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. மாமன் மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்தி அழுத்தி விழுந்திருந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டுகிற மனிதன், சின்ன வயதிலிருந்து கண்ணாடியோடு கிடந்தவன். பள்ளம் மட்டும்தான் மிச்சம், கண்ணாடியைக் காணோம். மகள் எதைப் பார்க்கிறாள், அடுத்து என்ன கேட்பாள் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. திருகாணி கைநழுவிக் கீழே விழுந்தது.

“நானும் பண்ணிக்கட்டுமாப்பா?”

“இப்ப என்ன அவசரம்?”

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின வருஷமும் இதையேதான்.”

“கண்ணும்மா அது. ஜாக்கெட்டா, பிடிக்கலைன்னா பிரிச்சுத் தைக்கிறதுக்கு?”

“எனக்கு ஒண்ணும் ஆகலையே மச்சான்” என்றான் மச்சினன். “படுத்தேன், எழுந்தேன். அவ்வளவுதான். பல்லு பிடுங்கினப்பகூட இதைவிட ஜாஸ்தியா கத்தினேன்.”

“உனக்கு ஆகல. எல்லாருக்கும் ஆகாதுன்னு எழுதிக் குடுத்தாங்களா?”

மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “அவரு ஏன் மழுப்புறாருன்னு எனக்குத் தெரியும்டா. கண்ணாடிக் கடைக்காரர் பொண்ணே கண்ணாடியைக் கழட்டிப் போட்டுட்டா, கடைக்கு எவன் வருவான்? அதான் சங்கதி.”

அவர் மறுக்கவில்லை. அந்தப் பழி அவருக்கு வசதியாக இருந்தது. கடைமேல் ஆசை, பிள்ளைமேல் இல்லை என்று வீடே நினைத்தாலும் பரவாயில்லை என்று குனிந்து திருகாணியைத் தேடினார்.

விஷயம் அதுவல்ல. மகளுக்குப் பதினைந்து வயது நடந்தபோது ஒரே வருஷத்தில் இரண்டு தடவை பவர் ஏறியது. கண்ணாடி பாட்டில் அடிப்பாகம் மாதிரி ஆனது. பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெண் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். மனைவி கடையிலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். “இனிமே ஏறிச்சுன்னா அவகிட்டயும் சொல்லாதீங்க, என்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்குத் தாங்காது” என்றாள். ஆற்றாமையில் மனுஷி ஆயிரம் சொல்வாள். அவர் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அடுத்த தடவை சோதித்தபோது ஏறித்தான் இருந்தது. சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டு கையாலும் பாவாடையைக் கசக்கிக்கொண்டு அவர் வாயைப் பார்த்தாள். “அதே நம்பர்தான்” என்றார். பெண்ணின் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதைப் பார்த்த எந்த அப்பனும் அந்தப் பொய்யைத் திரும்பவும் சொல்லியிருப்பான். அவரும் சொன்னார்.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சில மாதங்களுக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை கடையின் கதவைப் பாதி இறக்கிவிட்டு மகளை உட்கார வைப்பார். சோதிப்பார். அதே நம்பர்தான் என்பார். “கண்ணாடிதான் கீறல் விழுந்திருக்கு, மாத்தித் தரேன்” என்று வாங்கி வைத்துக்கொள்வார். புது நம்பரில் கனம் கூடும்; கூடினால் பெண் கண்டுபிடித்துவிடுவாள். அதற்காக மெலிசாக வருகிற உசத்தி ரகத்தை வரவழைத்து, விளிம்பைத் தானே தேய்த்து, பளபளப்பு ஏற்றி, கனம் வெளியே தெரியாத சட்டமாகப் பார்த்துப் பொருத்தினார். கடைக்கு வருகிற யாருக்கும் அவர் அப்படி உழைத்ததில்லை.

வெறும் பவர் ஏறியிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். கடைசி நாலைந்து வருஷமாக ஏறியது சிலிண்டர். கண்ணின் முன்பக்கம் உருண்டையாக இல்லாமல் கோணிக்கொண்டால் போடுகிற நம்பர் அது. அது ஏறியதோடு நில்லாமல், கோணமும் தடவைக்குத் தடவை இடம் மாறியது. ஒரு தையல்காரம்மாவுக்கு இப்படித்தான் மாறியபோது, “இது என் வேலை இல்லம்மா, நாளைக்கே பெரிய டாக்டரைப் பாருங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியவர் இவரேதான். வெளி ஆளுக்கு வந்த வாய் வீட்டு ஆளுக்கு வரவில்லை. டாக்டரைப் பார் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் எப்போதிலிருந்து என்று கேட்பாள். லேசருக்குப் போனால் அளப்பார்கள். அவர் லேசருக்குப் பயப்படவில்லை, அந்த அளவெடுப்புக்குத்தான் பயந்தார்.

அந்த வாரக் கடைசியில் மகள் வேலை பார்க்கிற பேக்கரியிலிருந்து மாஸ்டர் போன் செய்தார். “பதறாதீங்க. கையில சின்னதா ஒரு சூடு. கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போங்க.”

பேக்கரியின் பின்வாசலில் நின்றாலே முகம் காய்ந்தது. வெளியே அடிக்கிற வெயில் உள்ளே இருக்கும் அனலுக்கு நிழல் மாதிரி. ஒருத்தன் மாவை மேஜையில் போட்டு அறைந்து பிசைந்துகொண்டிருந்தான். இன்னொருத்தி பன்னுக்கு மேல் முட்டை தடவிக்கொண்டிருந்தாள். மகள் இடது மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு இன்னும் அடுப்பு முன்னால்தான் நின்றாள். கதவைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. கண்ணாடி இரண்டும் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப்போயின. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மாவு ஒட்டின புறங்கையால் கண்ணைக் கசக்கு கசக்கென்று கசக்கினாள். பிறகு பார்வை போனவள் மாதிரி தடவித் தடவி ட்ரேயை இழுத்தாள். ரொட்டி சரியான சிவப்பில் இருந்தது.

“பாத்தீங்கல்ல” என்றார் மாஸ்டர். “நல்ல கை சார் உங்க பொண்ணுக்கு. மாவைத் தொட்டாலே பதம் சொல்லிடும். அடுப்பைத் திறந்தாதான் குருடு. நான் அடுத்த மாசம் புதுக் கடைக்குப் போறேன். இந்த அடுப்பை அதுகிட்டதான் விட்டுட்டுப் போவேன்னு முதலாளிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். கண்ணை மட்டும் ஒரு வழி பண்ணச் சொல்லுங்க. இல்லைன்னா முதலாளி அவரு மச்சானைக் கொண்டு வந்து நிறுத்திடுவாரு. அவனுக்கு ரொட்டிக்கும் செங்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது.”

திரும்பி நடந்தார்கள். தெருவில் தார் இளகிக் கிடந்தது. மகள் சுட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியைத் துடைக்க அவர் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை.

“திங்கக்கிழமை போறேம்பா. மாமா கூட்டிட்டுப் போகுது.”

“யோசிக்கலாம்மா.”

“நீங்க யோசிச்சு யோசிச்சுதான் ரெண்டு வருஷம் போச்சு. உங்களுக்குப் பயம்னா சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆனா கடைக்காகன்னா, மன்னிக்கவே மாட்டேன்.”

“கடை கிடக்குது.”

“அப்புறம் என்னதாம்பா?”

சொல்லியிருக்கலாம். தெருவில் ஈ காக்காய் இல்லை. அவளே கேட்டாள், கேட்டுவிட்டு நின்றும் பார்த்தாள். அவர் எதிரே வந்த சைக்கிளுக்கு வழிவிடுகிற சாக்கில் ஓரமாக ஒதுங்கினார். சைக்கிள் போனது. அவளும் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவரும் போனார். வேண்டாம் என்று சொன்னவர் செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் வாசலில் நின்றதைப் பார்த்து மனைவிக்கே ஆச்சரியம். “நல்லபடியா பேசிட்டு வாங்க, அங்கே போய் முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க” என்றாள்.

கண் மையம் சில்லென்று இருந்தது. உட்கார்ந்திருந்த எல்லாருமே கண்ணாடி போட்டவர்கள், எல்லாருமே இன்றைக்கோ நாளைக்கோ கழற்றப்போகிறவர்கள். கடைக்காரர் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு மூக்காகப் பார்த்துக்கொண்டு வந்தார். முன்மேஜையில் இருந்த பெண் தன்மையாகக் கேட்டாள்.

“பவர் மாறாம நின்னு எவ்வளவு நாளாச்சு?”

“அது ஆச்சு பல வருஷம்” என்றாள் மகள். குரலில் ஒரு பெருமை. “ஸ்கூல் படிக்கும்போது நின்னது. எங்கப்பாதான் செக் பண்ணுவாரு. இவருதான். சொந்தக் கடை.”

“நல்லது. அப்படி நின்னிருந்தாதான் பண்ணவே முடியும்” என்று அந்தப் பெண் எழுதப் போனாள்.

“எழுதாதீங்கம்மா” என்றார் கடைக்காரர்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“நிக்கல. ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. நான்தான் சொல்லல. கீறல் விழுந்திருக்குன்னு மாத்திக் குடுத்ததெல்லாம் புது நம்பர்.”

மகள் அழவில்லை, சிரித்தாள். கசப்பாக, உதட்டை மட்டும் கோணிக்கொண்டு சிரித்தாள்.

“இது எத்தனாவது ஐடியாப்பா? வீட்டுல மழுப்பிப் பாத்தீங்க, பயமுறுத்திப் பாத்தீங்க. இப்ப இங்க வந்து இது ஒண்ணா?”

“சத்தியமா சொல்றேம்மா.”

“மச்சான், இது ரொம்பக் கேவலமா இருக்கு” என்றான் மச்சினன். “பிடிக்கலைன்னா வாசல்ல உக்காருங்க. பொண்ணு ஆசையில ஏன் மண்ணள்ளிப் போடுறீங்க?”

“அவ போட்டிருக்கிற கண்ணாடியை வாங்கி அளந்து பாருங்கம்மா” என்று அவர் மேஜைக்காரப் பெண்ணிடம் கெஞ்சினார். அவள் சங்கடப்பட்டு, “உள்ளே எப்படியும் எல்லாம் அளப்பாங்க சார், உக்காருங்க” என்றாள். பிள்ளையிடம் வருஷக்கணக்காகப் பொய் சொன்ன மனிதன், ஒரு உண்மையைச் சொன்னான். அதைத்தான் யாரும் நம்பவில்லை.

அளந்தார்கள். ஒரு கருவியில் தாடையை வைத்து, இன்னொரு கருவியில் நெற்றியை ஒட்டி, வலதையும் இடதையும் திரும்பத் திரும்ப அளந்தார்கள். அப்புறம் டாக்டரம்மா மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார். திரையில் இரண்டு கண்ணும் வண்ணவண்ணமாகத் தெரிந்தன. இடதில் கீழே ஒரு சிவப்புத் திட்டு. வலதில் அந்தச் சிவப்பு பாதிக் கண்ணைத் தின்றிருந்தது.

“லேசர் பண்ண முடியாதும்மா. பண்ணவே கூடாது. லேசர்னா கருவிழியைச் செதுக்குறது. உனக்கு அது ஏற்கெனவே மெலிஞ்சு, கூம்பு மாதிரி முன்னால தள்ளிக்கிட்டு வருது. கண்ணைக் கசக்குவியா?”

“பேக்கரியில வேலை டாக்டர். மாவு.”

“கசக்காதே. அது இன்னும் கெடுக்கும். கண்ணாடி நம்பர் அடிக்கடி மாறியிருக்கணுமே, யாருமே கவனிக்கலையா?”

மகள் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். “இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

டாக்டரம்மா அதைக் கருவியில் வைத்துப் பார்த்து நம்பரைச் சொன்னார். மகள் இத்தனை வருஷம் தன்னுடையது என்று நம்பியிருந்த நம்பருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மச்சினன் கடைக்காரர் பக்கம் திரும்பினான்.

“முன்னாடியே வந்திருந்தா?” என்று கேட்டாள் மகள்.

“நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தா அப்படியே நிறுத்தியிருக்கலாம். சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் காட்டிக் கருவிழியை இறுக்குற சிகிச்சை ஒண்ணு இருக்கு. இடது கண்ணுக்கு இப்பவும் பண்ணலாம், சீக்கிரம் பண்ணணும். வலது ரொம்ப மெலிஞ்சுபோச்சு. அதுக்குக் கண்ணாடி உதவாது. கெட்டியான லென்ஸ் உக்காருதான்னு பாக்கலாம். உக்காந்தாலும் மாவுத் தூசியில அதைப் போட்டுக்கிட்டு நிக்கிறது கஷ்டம். அதுவும் சரிப்படலைன்னா, வேற ஒருத்தர் குடுத்த கருவிழிதான்.”

“ரெண்டு வருஷம் முன்னாடின்னா?” என்றாள் மகள். அப்போதுதான் அவள் முதல் தடவை லேசர் கேட்டிருந்தாள்.

“அப்பன்னாலும் இவ்வளவு ஆகியிருக்காது.”

மகள் தலையை ஆட்டிக்கொண்டாள். கடைக்காரருக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

பஸ்ஸில் அவர் பக்கத்தில் அவள் உட்காரவில்லை. மாமனும் அவளும் முன்னால், அவர் பின்னால். இறங்கி வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“ஒவ்வொரு தடவையும் நீங்க மாத்திக் குடுத்ததும் வந்து சொல்லுவேனே. அப்பா, எல்லாம் பளிச்சுன்னு இருக்குப்பா, உங்க கைராசிப்பான்னு. அப்ப உங்களுக்கு என்னப்பா தோணும்?”

சந்தோஷமாக இருக்கும் என்பதுதான் பதில். அதை அவர் எப்படிச் சொல்வார்?

“அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

சொன்னார். மனைவி அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாக, “ஏன்?” என்றாள்.

“நீதானே சொல்லாதேன்னே.”

அவ்வளவுதான். அதுவரை மெதுவாகப் பேசியவள் கத்தினாள். “நான் சொல்லுவேன்! நான் ஆயிரம் சொல்லுவேன்! செத்துப்போறேன்னுகூடச் சொல்லியிருக்கேன், கயிறு வாங்கிக் குடுத்தீங்களா? என் தலையில கட்டுறீங்களா இப்ப? பாக்குறவங்ககிட்டல்லாம் எம்பொண்ணுக்கு ஏறவே இல்ல, அவங்கப்பா கண்ணுல வச்சுப் பாத்துக்கறாருன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே பாவி!” அவளுடைய கோபத்தில் பாதி தன் மேலேயேதான் என்பது அவருக்குப் புரிந்தது. அதனால் ஒரு ஆறுதலும் இல்லை.

இடது கண்ணுக்குச் சிகிச்சை நடந்தது. மாமன்தான் லீவு போட்டுக் கூட இருந்தான். “நானும் வரேம்மா” என்றதற்கு, “மாமா போதும்” என்றாள். குரலை உயர்த்தவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை. வலது கண்ணில் கெட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள், உட்காரவில்லை. மாற்றுக் கருவிழிக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பேக்கரி அடுப்புக்கு முதலாளியின் மச்சான் வந்தான். மாஸ்டர் சொன்னது போலவே ரொட்டி செங்கல்லாகத்தான் வந்தது. ஆனாலும் அடுப்பு அவனுடையதுதான். மகளை முன்பக்கம் பாக்கெட் கட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். கண்ணாடியைத் துடைக்க மட்டும் அவரிடம் தருவதில்லை.

சில மாதம் கழித்து இடது கண் அடங்கிவிட்டது, இனிக் கண்ணாடி போடலாம், எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்றார் டாக்டரம்மா. வேறு கடைக்குப் போவாள் என்று எதிர்பார்த்தார். போனால் மனசு விட்டுப்போகும் என்றும், போனால் நல்லது என்றும் இரண்டுமாக இருந்தது. அவள் ஒரு சாயங்காலம் அவர் கடைக்கே வந்தாள். மழை பிடித்துக்கொண்டதால் கடை நிறைய ஆள். குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, வரிசையில் கடைசியாக உட்கார்ந்தாள். அவர் கூப்பிட்டும் வரவில்லை. தன் முறை வந்த பிறகுதான் சோதனை நாற்காலிக்கு வந்தாள்.

“இன்னும் ஆள் வர்றாங்க, நான் வேணா கதவைப் பாதி இறக்கிடட்டுமா?” என்றார் அவர்.

“வேண்டாம். எல்லாரும் இருக்கட்டும். நம்பரை மட்டும் சத்தமா சொல்லிக்கிட்டே போடுங்க.”

சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டினார். வலதை மூடி இடதிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு கண்ணாடியாகச் செருகி, ஒவ்வொரு நம்பராகச் சொன்னார். “இது தெளிவா, இது தெளிவா?” “முதல்ல போட்டது.” “இப்ப?” “இது.” எழுத்துப் பலகையின் கடைசிக்கு முந்தின வரி வரை வந்தாள். இடது கண்ணின் நம்பரைத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். காத்திருந்த பெரியவர் ஒருவர், “அடேயப்பா” என்றார்.

பிறகு இடதை மூடினார்.

“இது தெளிவா, இது தெளிவா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“இது?”

“ஒண்ணுதான்.”

பெட்டியில் வரிசையாக இருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கோணத்தைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். தெரிந்துகொண்டேதான் செய்தார். அவளும் தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையும் தீர்ந்து, கையில் எடுக்க ஒன்றுமில்லாமல் விரல் பெட்டியின் துணியைத் தடவியது.

“என்ன நம்பர்ப்பா?”

“இதுக்கு நம்பர் இல்லம்மா.”

“அவங்களுக்குக் கேக்கல.”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இந்தக் கண்ணுக்கு என்கிட்ட கண்ணாடி இல்ல.”

மகள் சோதனைச் சட்டத்தைத் தானே கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“சொல்றதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலையேப்பா” என்று சொல்லிவிட்டு எழுந்து, அந்தப் பெரியவருக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தாள்.